கேள்வி பதில்: மாதம் இரண்டு மணி நேரம் போதுமா?

உதவிக் குழுக்கள், உரிமைக்காகக் குரல் கொடுக்கும் அமைப்புகள், இவற்றுக்கு நம்மால் என்ன செய்ய முடியும், பணம் தருவதா நேரம் தருவதா என்று இந்த முறை நிறையக் கடிதங்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அதுதான். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் பார்த்துக்கொள்ளலாம்.

வேலைக்குப் போகிறேன், வீட்டில் சின்னக் குழந்தை. மாதத்தில் இரண்டு மணி நேரம்தான் ஒதுக்க முடியும். இதைச் சொல்லிக்கொண்டு ஒரு குழுவிடம் போய் நின்றால் சிரிக்க மாட்டார்களா?

மாட்டார்கள். அவர்கள் பயப்படுகிற ஆள் வேறு. முதல் வாரமே நான்கு நாள் வந்து, ஆளுக்கொரு யோசனை சொல்லி, எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, மூன்றாவது மாதம் போனையே எடுக்காமல் போகிறார் பாருங்கள், அவரைக் கண்டால்தான் பயம். ஆரம்ப சூரத்தனம் என்று வீட்டில் பெரியவர்கள் திட்டுவார்களே, அதேதான். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் வேலை சொல்லிக்கொடுக்க ஒரு பழைய ஆள் தன் வேலையை விட்டுவிட்டு உட்கார வேண்டியிருக்கிறது, வந்தவர் நின்றுவிட்டால் அந்த நேரமும் போச்சு. அதனால் போகும்போதே "மாதத்தின் முதல் சனிக்கிழமை, காலை பத்து முதல் பன்னிரண்டு" என்று சொல்லிவிடுங்கள். சொன்னபடி போங்கள். வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, என்ன வேலை கொடுத்தாலும் முகம் சுளிக்காதீர்கள். நான் முதன்முதலில் ஒரு குழுவில் சேர்ந்தபோது எழுதுகிறவன் என்பதால் மேடையில் பேசச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன், சத்தியமாக. ரசீதுப் புத்தகங்களைத் தேதிவாரியாக அடுக்கச் சொன்னார்கள். இரண்டு மாதம் மனத்துக்குள் முனகிக்கொண்டேதான் செய்தேன். ஆண்டு முடிவில் தணிக்கைக்கு வந்தவர் ஒரே நாளில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பியபோதுதான் நான் செய்தது என்னவென்று எனக்கே தெரிந்தது.

வீட்டில் பழைய துணி நிறைய இருக்கிறது. எந்தக் குழுவுக்குக் கொடுக்கலாம்?

முதலில் கேளுங்கள், வேண்டுமா என்று. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோர ஊர்களில் பழைய துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கி, உடுத்த ஆளில்லாமல் தெருவோரத்தில் கிடந்து நனைந்தது. அதைப் பிரிக்கவும் அப்புறப்படுத்தவும் தனியாக ஆள் வேண்டியிருந்தது. பணமாகக் கொடுத்தால் அன்றைக்கு எது தேவையோ அதை அங்கேயே வாங்கிக்கொள்வார்கள். சரி, துணிதான் கொடுப்பேன் என்றால் துவைத்து, பட்டன் தைத்து, அளவு எழுதிக் கொடுங்கள். நீங்களே போட்டுக்கொள்ளத் தயங்கும் துணியை இன்னொருவர் தலையில் கட்ட வேண்டாம்.

நான் தரும் பணத்தில் பெரும்பகுதி அலுவலக வாடகைக்கும் சம்பளத்துக்கும் போய்விடுகிறதாமே? ஏழைக்கு நேராகப் போகட்டும் என்றுதானே தருகிறோம்?

எல்லோருக்கும் வருகிற சந்தேகம்தான், தப்பில்லை. ஆனால் அந்த ஏழைக்கு நேராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கும் வீட்டு வாடகை உண்டு. தொண்டு நிறுவனங்களை எடைபோட்டுச் சொல்வதையே தொழிலாக வைத்திருக்கும் மூன்று அமெரிக்க அமைப்புகள் 2013-ல் சேர்ந்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுதின. நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்பதை மட்டும் பார்த்து ஒரு நிறுவனத்தை எடைபோடாதீர்கள் என்று நன்கொடையாளர்களைக் கேட்டுக்கொண்ட கடிதம் அது. செலவைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்பதற்காகக் கணக்கருக்குச் சம்பளம் தராமல், பழுதான கணினியை மாற்றாமல், கடைசியில் வேலையே தேய்ந்துபோன குழுக்கள் உண்டு. செலவு எவ்வளவு என்று கேட்கிறபோதே, அந்தச் செலவில் என்ன நடந்தது என்றும் கேளுங்கள். எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று மாதாமாதம் வருகிற சிறு தொகை ஒரு குழுவுக்குப் பெரிய நிம்மதி. விழா நாளில் ஒரே முறை வருகிற பெரிய காசோலையை வைத்து அடுத்த ஆறு மாதத்துக்குத் திட்டம் போட முடியாது.

பசித்தவருக்குச் சோறு போடும் குழுவுக்குத் தருகிறேன், சரி. மனு கொடுப்பதும் ஊர்வலம் போவதுமாக இருக்கும் அமைப்புக்கு எதற்குத் தரவேண்டும்? அது அரசியல்தானே?

கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் மான்ட்காமரி நகரம். பேருந்தில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் தனித்தனியாகத்தான் உட்கார வேண்டும் என்று அங்கே சட்டம். 1955 டிசம்பர் 1 அன்று பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்துக் கைதானார் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண். கால் வலித்ததால் எழாமல் இருந்துவிட்ட ஒரு தையல்காரப் பெண் என்றுதான் நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் அவர் 1943-லிருந்தே அந்த ஊர்க் கிளையில், கறுப்பின மக்களின் உரிமைக்கான அமைப்பு ஒன்றின் செயலாளர். குறிப்பு எழுதுவது, கடிதம் போடுவது, முறையிட வந்தவர்கள் சொன்னதைப் பதிவுசெய்வது என்று பன்னிரண்டு ஆண்டுகள். அவர் கைதானதை எதிர்த்து டிசம்பர் 5 அன்று கறுப்பின மக்களின் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது, 381 நாள் நீடித்தது. அத்தனை நாளும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்குப் போய்வர வேண்டுமே? கார் வைத்திருந்தவர்கள் முறைபோட்டு ஓட்டினார்கள். பெட்ரோலுக்கு யார் தருவது?

அங்கேதான் ஜார்ஜியா கில்மோர் வருகிறார். சமையல் வேலை செய்தவர். அவரும் இன்னும் சில பெண்களும் வீட்டில் கேக்கும் சாப்பாடும் செய்து விற்று, கிடைத்த காசைக் கூட்டத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். குழுவுக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'எங்கிருந்தும் வராதவர்கள் சங்கம்'. பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் எங்கிருந்தும் இல்லை என்று சொல்லிவிடலாம், வெள்ளைக்கார முதலாளிக்குத் தெரிந்து கொடுத்தவருக்கு வேலை போகாது. கில்மோருக்கு மட்டும் வேலை போனது, நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதற்காக. அப்புறம் வீட்டிலேயே சமைத்து விற்றுப் பிழைத்தார். கடைசியில் 1956-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து பேருந்தில் பிரித்து உட்கார வைக்கும் முறை ஒழிந்தது. நடந்தே வேலைக்குப் போனவர்களுக்குச் செருப்பு வாங்கிக் கொடுப்பதும் உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டம் அப்படியே இருந்திருந்தால் வருடா வருடம் செருப்பு வாங்கிக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

அரசியலா என்று கேட்டீர்கள். ஒரு விதியை மாற்று என்று கேட்பது வேறு, இன்னாருக்கு ஓட்டுப் போடு என்பது வேறு. அமெரிக்கச் சட்டத்தில் 1954-லேயே இந்தக் கோட்டைப் போட்டுவிட்டார்கள், வரிவிலக்குப் பெற்ற தொண்டு நிறுவனம் தேர்தலில் எந்த வேட்பாளர் பக்கமும் நிற்கக் கூடாது. உங்களிடம் பணம் கேட்டு வரும் அமைப்பு எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

ஏமாற்றுக்காரர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பது பழமொழி, ஆனால் இங்கே அறிய வேண்டியது வாங்கிக் கொடுக்கிற கையை. ஒரு தடவை நேரில் போய் அவர்கள் வேலை செய்கிற இடத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள், பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருக்கிறதா, தனிநபர் பெயரிலா? ரசீது உண்டா? போன வருடக் கணக்கைக் கேட்டால் காட்டுகிறார்களா, கோபப்படுகிறார்களா? இன்னும் ஒரு மணி நேரத்தில் அனுப்பாவிட்டால் குழந்தை பிழைக்காது என்று மிரட்டுகிற குறுஞ்செய்தியைப் பார்த்தால் அனுப்பாதீர்கள், முதலில் விசாரியுங்கள். பதிவு செய்யாத சின்னக் குழுக்களிலும் நல்லவை நிறைய உண்டு. அங்கே வரவு செலவு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார்களா என்று பார்த்தால் போதும்.

உதவி செய்யும்போது படம் எடுத்துப் போடலாமா?

மூட்டை தூக்குகிற உங்கள் படத்தைத் தாராளமாகப் போடுங்கள். வாங்குகிறவர் முகம் வேண்டாம்.

தன்னார்வலர் தினம் என்று ஒன்று இருக்கிறதாமே, எப்போது?

டிசம்பர் 5. ஐ.நா. பொதுச்சபை 1985-ல் அறிவித்தது. மான்ட்காமரியில் புறக்கணிப்பு தொடங்கியதும் இதே தேதிதான், தற்செயல்தான் என்றாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

ஒன்றரை வருடமாக ஒரு குழுவில் இருக்கிறேன். எல்லா முடிவையும் தலைவர் ஒருவரே எடுக்கிறார், கேட்டால் வருத்தப்படுகிறார். விலகிவிடலாமா?

ஒரு முறை கூட்டத்தில் வைத்துக் கேளுங்கள், தனியாகக் கேட்பதால்தான் அவர் வருத்தப்பட முடிகிறது. உங்களைப் போல் இன்னும் இரண்டு பேருக்கு அதே மனக்குறை இருக்கும், பேசிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் விலகுவதில் குற்றமில்லை, வேறு குழு இல்லாமலா போகும்? ஆனால் நடுராத்திரியில் வாட்ஸ்அப் குழுவிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறாதீர்கள். உங்களிடம் இருக்கிற சாவி, கணக்கு நோட்டு, மின்னஞ்சல் கடவுச்சொல் எல்லாவற்றையும் ஒருவரிடம் ஒப்படைத்து, வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.