திருச்சிக்கு இரண்டு நாள்: பதினான்கு இடங்களில் எதை விடுவது?

கேள்வி: சென்னையிலிருந்து நாங்கள் மூன்று பேர் திருச்சிக்கு வருகிறோம். கையில் இரண்டு முழு நாட்கள். அம்மாவுக்கு 67 வயது, மூட்டு வலி உண்டு. மகன் ஆறாம் வகுப்பு. பார்க்க வேண்டியவை என்று பதினான்கு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் பார்க்க முடியுமா? எந்த வரிசையில் போவது? மே மாத விடுமுறையில் வரலாமா?

பதில்: பதினான்கையும் பார்த்துவிடலாம். ஆனால் ஊருக்குத் திரும்பிய மறுவாரம் எது எந்தக் கோயில் என்று மகனுக்கு ஞாபகம் இருக்காது, அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கும். ஐந்து இடம் போதும். மலைக்கோட்டை, அம்மா மண்டபம் படித்துறை, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், கல்லணை. இந்த ஐந்தையும் கோப்பது காவிரி. இந்த ஊரில் எந்தக் கல்லைத் தொட்டாலும் அதற்குப் பின்னால் ஆற்றைப் பற்றிய ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையோடு பார்த்தால் இரண்டு நாளில் ஊர் முழுசாகப் பிடிபட்டுவிடும்.

முதலில் மே மாதம். முடிந்தால் வேண்டாம். வெயில் ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் ஆறு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். மழையைப் பொறுத்து திறக்கும் தேதி தள்ளிப்போகும். கோடையில் திருச்சிப் பாலத்தின் மேல் நின்றால் பெரும்பாலும் மணல்தான் தெரியும். நடுவில் வாய்க்கால் போல ஒரு ஓட்டம் இருந்தால் அதிர்ஷ்டம். ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை வந்தால் கரை தொட்ட காவிரியைப் பார்க்கும் வாய்ப்பு அதிகம். காலாண்டு விடுமுறையும் அரையாண்டு விடுமுறையும் அந்தக் காலத்தில்தானே வருகின்றன. ஆடிப்பெருக்கு அன்று மட்டும், அதாவது ஆகஸ்ட் 2 அல்லது 3-ஆம் தேதி வாக்கில், படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. கூட்டத்தையே பார்க்க வேண்டுமென்றால் அதைவிட நல்ல நாள் இல்லை. மூட்டு வலி உள்ளவரோடு வேண்டாம். வைகுண்ட ஏகாதசி சமயத்து ஸ்ரீரங்கத்துக்கும் இதையேதான் சொல்வேன்.

சரி, வரிசைக்கு வருவோம். முதல் நாள் காலையில் மலைக்கோட்டை. ஊருக்குள் வந்ததும் ஸ்ரீரங்கத்துக்கு ஓடுவதுதான் பலரின் வழக்கம். நான் மாற்றிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மலையின் உயரம் 83 மீட்டர். உச்சியில் நின்றால் வடக்கே காவிரி, அதற்கு அப்பால் தென்னை மரங்களுக்கு நடுவில் எழும் ராஜகோபுரம், அதற்கும் அப்பால் கொள்ளிடம் என்று அடுத்த இரண்டு நாளும் போகப்போகிற இடங்கள் கண்முன் விரிந்து கிடக்கும். இரண்டு ஆறுகளுக்கு நடுவில் ஸ்ரீரங்கம் ஒரு தீவு என்பதை மகனுக்கு வாயால் விளக்குவதைவிட அங்கே கையை நீட்டிக் காட்டுவது சுலபம்.

படிகள் நானூறுக்கும் மேல். காலை ஆறு மணியை ஒட்டி ஏறத் தொடங்குங்கள். பாதிக்கு மேல் பாறைக்குள்ளேயே குடைந்த வழி, நிழலாக இருக்கும். கடைசியில் வரும் திறந்தவெளிப் படிகள்தான் சிக்கல். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வருவதால், ஒன்பது மணிக்கு மேல் போனால் பாதம் பொரியும். அம்மா அடிவாரத்தில் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கட்டும். "நடுவில் தாயுமானவர் சந்நிதி வரைக்குமாவது வருகிறேன்" என்பார்கள். அதுவும் நிறையப் படிதான். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் மூட்டு அதிகம் வலிக்கும் என்பதைச் சொல்லி நிறுத்திவிடுங்கள்.

தாயுமானவர் என்ற பெயருக்கே ஆறுதான் காரணம். பிரசவத்துக்குத் துணையாக வர வேண்டிய தாய், காவிரியில் வெள்ளம் வந்ததால் அக்கரையில் மாட்டிக்கொண்டாள். சிவன் அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம். உச்சிப் பிள்ளையார் கதையும் ஆற்றங்கரைக் கதைதான். விபீஷணன் அயோத்தியிலிருந்து ரங்கநாதர் விக்கிரகத்தைக் கொண்டுபோகும் வழியில் காவிரிக்கரையில் நீராட நின்றான். அங்கிருந்த ஒரு சிறுவனிடம் அதைக் கொடுக்க, அவன் தரையில் வைத்துவிட்டு மலைமேல் ஓடினான். துரத்திப் பிடித்த விபீஷணன் தலையில் குட்டினான். அந்தச் சிறுவன்தான் பிள்ளையார். அந்தக் குட்டின் தழும்பு நெற்றியில் இருக்கிறது என்பார்கள். மகனைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி நான் சொல்லப்போவது பெரும்பாலானவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்துபோகும் இடம். தாயுமானவர் கோயிலுக்கு மேலே, உச்சிக்குப் போகும் வழியில், பாறையைக் குடைந்த ஒரு சின்ன மண்டபம் வரும். முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்தது. லளிதாங்குர பல்லவேஸ்வரகிருகம் என்று பெயர். உள்ளே மேற்குச் சுவரில் கங்கையைச் சடையில் தாங்கும் சிவன், கங்காதரர். ஆகாயத்திலிருந்து கங்கை சிறு பெண்ணாக இறங்குகிறாள், அவர் ஒரு சடையை நீட்டிப் பிடிக்கிறார். பல்லவர் சிற்பங்களில் இதற்கு இணையாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. மண்டபத் தூணில் உள்ள வடமொழிக் கல்வெட்டு இன்னும் அழகு. சிவன் ஆறுகளை விரும்புகிறவர். கண்ணுக்கு இனிய காவிரியைப் பார்த்து இவளையும் விரும்பிவிட்டால் என்ன செய்வது என்று மலைமகளுக்குப் பயம். அதனால் பிறந்த வீட்டை விட்டு இந்த மலையிலேயே வந்து தங்கி, "இந்த ஆறு பல்லவனின் காதலி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். இன்னொரு பாடலில் சிவன் அரசனைக் கேட்கிறார், தரையில் இருந்தால் நான் சோழநாட்டையும் காவிரியையும் எப்படிப் பார்ப்பது என்று. அதற்காகத்தான் மலைமேல் கோயில். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்பும் இந்த மலையில் ஏறியவர்கள் காவிரியைத்தான் பார்த்திருக்கிறார்கள். கதவு பூட்டியிருந்தால் அங்கே இருக்கும் காவலாளியைக் கேளுங்கள். பத்து நிமிடமாவது நில்லுங்கள்.

இறங்கி வந்து சாப்பிட்டால் வெயில் ஏறியிருக்கும். அடிவாரத்துக்குப் பக்கத்திலேயே ராணி மங்கம்மாள் மகாலில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. நாயக்கர் காலத்துக் கூடம், மேலே குவிமாடம். அம்மா உட்கார்ந்து ஓய்வெடுக்கவும் நல்ல இடம். தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தால் கூர்கோபுரத்தோடு லூர்து மாதா கோயில் வரும். சற்றுத் தள்ளி மதுரை ரோட்டில் நத்தர்வலி தர்கா, ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் சமாதி அங்கேதான். இவை இரண்டையும் கட்டாயம் என்று சொல்ல மாட்டேன், அம்மாவின் கால் எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். மதியம் அறைக்குப் போய்த் தூங்குங்கள். இது நேரத்தை வீணடிப்பதல்ல. திருச்சியில் வெயில் காலம் மழைக் காலம் என்று பார்க்காமல், மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை ஊர்க்காரர்களே வெளியே வர யோசிப்பார்கள்.

சாயங்காலம் அம்மா மண்டபம். படித்துறையில் உட்காருங்கள், அவ்வளவுதான் அங்கே செய்ய வேண்டியது. தண்ணீர் இருந்தால் கீழ்ப்படியில் கால் நனைக்கலாம். மகனைப் படியை விட்டு இறங்க விடாதீர்கள். மேலே மதகுகளைத் திறந்தால் ஓட்டம் சட்டென்று கூடும், மணல் குழிகளும் வெளியே தெரியாது.

இரண்டாம் நாள் விடிந்ததும் ஸ்ரீரங்கம். 156 ஏக்கர், ஏழு பிராகாரம், 21 கோபுரம். வெளிப் பிராகாரங்களில் வீடும் கடையும் பள்ளிக்கூடமும் இருக்கின்றன. கோயிலைச் சுற்றி ஊர் என்பதைவிடக் கோயிலுக்குள்ளேயே ஊர் என்பதுதான் சரி. தெற்கு ராஜகோபுரம் 236 அடி, 13 நிலை. விஜயநகரக் காலத்தில் தொடங்கி அடித்தளத்தோடு நின்றுபோய், நூற்றாண்டுகள் கழித்து 1987-ல்தான் முடிந்தது. கல்லான கீழ்ப்பகுதியையும் மேலே எழுந்த புதுப்பகுதியையும் வாசலில் நின்றே பிரித்துப் பார்க்கலாம். உள்ளே போகும்போது ஒவ்வொரு வாசலாக எண்ணிக்கொண்டு வரச் சொல்லுங்கள், மகனுக்கு நடை தெரியாது. அம்மாவை ராஜகோபுரத்திலிருந்து நடக்க வைக்காதீர்கள். ஆட்டோவில் ரங்கா ரங்கா கோபுரம் வரை போய்விடலாம். அங்கே சக்கர நாற்காலி கிடைக்குமா என்று கேளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தரிசன வரிசை நீளமாக இருந்தால் மூன்று பேரும் நிற்க வேண்டியதில்லை. ஒருவர் மகனை அழைத்துக்கொண்டு சேஷராயர் மண்டபத்துக்குப் போங்கள். பாய்கிற குதிரை, அதன் மேல் வீரன், கீழே வேல் குத்தப்பட்ட புலி என்று தூண் தூணாக ஒரே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டு வேலை. குதிரையின் கடிவாளத்தையும் வீரனின் இடுப்புக் கச்சையையும் பக்கத்தில் போய்ப் பார்த்தால் பையன் நகர மாட்டான். வேணுகோபாலன் சந்நிதியின் வெளிச்சுவரில் வீணையோடும் கிளியோடும் நிற்கும் பெண்களையும் விட்டுவிடாதீர்கள். அப்புறம் ராமானுஜர் சந்நிதி. அம்மா அதைக் கட்டாயம் கேட்பார்கள்.

பதினொன்றரைக்குள் திருவானைக்காவல் வந்துவிடுங்கள். இரண்டு கோயிலுக்கும் நடுவில் இரண்டு கிலோமீட்டர்தான். பஞ்சபூதத் தலங்களில் இது நீருக்கு உரியது. லிங்கத்தைச் சுற்றி ஊற்று நீர் கசிந்துகொண்டே இருக்கும், ஆற்றில் தண்ணீர் நிறைந்திருக்கும் காலத்தில் அதிகமாக. கருவறை வாசல் குள்ளமானது. போன பிறவியில் சிலந்தியாக இருந்து யானையோடு பகைத்த கோச்செங்கட்சோழன், யானை நுழைய முடியாதபடி கட்டினான் என்று கதை. ஒன்பது துளை கொண்ட பலகணி வழியாகத்தான் சுவாமியைப் பார்க்க வேண்டும். ஆனால் நான் இந்த நேரத்தைச் சொல்வது உச்சிக்கால பூஜைக்காக. அகிலாண்டேஸ்வரி சந்நிதி அர்ச்சகர் புடவை உடுத்தி, கிரீடம் தரித்து, அம்பாளாகவே மேளதாளத்தோடு சுவாமி சந்நிதிக்கு நடந்து வந்து பூஜை செய்வார், கோபூஜையும் நடக்கும். தினமும் நடப்பதுதான், ஆனாலும் நான் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கண் கலங்கிவிடும். முத்துசாமி தீட்சிதர் இந்த லிங்கத்தைத்தான் யமுனா கல்யாணியில் பாடினார். அம்மாவுக்குச் சங்கீதம் பிடிக்குமென்றால் முதல் நாள் இரவே "ஜம்பூபதே"யைக் கேட்க வைத்துவிடுங்கள்.

சாப்பிட்டு ஓய்வெடுத்து மூன்றரைக்குக் கிளம்பினால் கல்லணை. கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர், வாடகைக் கார் நல்லது. போவோர் பலரும் ஷட்டர்களையும் பாலத்தையும் படம் பிடித்துக்கொண்டு, கரிகாலன் கட்டியது இதுதான் என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். ஷட்டரும் பாலமும் பிற்காலத்தவை. பழைய அணை அவற்றுக்குக் கீழே, தண்ணீருக்குள் கிடக்கிறது. கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்ந்தது. விட்டால் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் ஓடிக் கடலில் கலந்துவிடும், தஞ்சை வயல்களுக்கு எதுவும் மிஞ்சாது. அதைத் தடுக்கத்தான் ஆற்று மணலில் பெரிய பாறைகளை அமிழ்த்தி, அவற்றின் மேல் களிமண்ணால் இணைத்துக் கல் அடுக்கினார்கள். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த அணையிடமிருந்துதான் கற்றோம் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் எழுதினார். 1830-களில் மேற்கே முக்கொம்பில் அவர் மேலணை கட்டியதும் அதன் பிறகுதான். ஆறாம் வகுப்புப் பையனுக்குக் கல்லணை பாடப்புத்தகத்தில் வரும் பெயர். பாலத்தில் நின்று காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று நான்கு திசையையும் அவனே பெயர் சொல்லிப் பார்க்கட்டும்.

கோடையில்தான் வந்தாக வேண்டும் என்றால் கல்லணைக்குப் பதில் முக்கொம்பு போங்கள். மர நிழலும் பூங்காவும் உண்டு. மேலூரில் உள்ள வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் அதே திசைதான். உங்கள் பட்டியலில் உள்ள சமயபுரம், வயலூர், விராலிமலை எல்லாம் நல்ல இடங்கள், ஆனால் அடுத்த முறைக்கு. உறையூர் வெக்காளியம்மனை மட்டும் வழியில் நேரம் இருந்தால் பார்த்துவிடலாம். கருவறைக்கு மேல் கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் அம்மன்.

தங்குவதற்கு ஸ்ரீரங்கத்திலேயே அறை பாருங்கள். இரண்டாம் நாள் விடியற்காலை அம்மாவுக்கு அலைச்சல் மிச்சம். ரயிலில் வருவதானால் திருச்சி ஜங்ஷன் வரை போக வேண்டாம், ஸ்ரீரங்கத்தில் நிற்கும் வண்டியாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் அங்கே நிற்கும். ஊருக்குள் போய்வர ஒன்றாம் நம்பர் பஸ் இருக்கிறது, சத்திரம் பேருந்து நிலையம் வழியாக ஸ்ரீரங்கம் போகும். அம்மாவோடு போகும்போது மட்டும் ஆட்டோ. திரும்பும் ரயில் பகல் வண்டியாக இருந்தால் மகனுக்கு ஜன்னல் சீட் கொடுங்கள். ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் தாண்டியதும் ரயில் கொள்ளிடப் பாலத்தில் ஏறும், மலையுச்சியில் நீங்கள் கை நீட்டிக் காட்டிய ஆறு அதுதான்.