பாப்லோ ஹனி – கடிதம்

வணக்கம். பிரிட்டிஷ் ராக் குழுவான ரேடியோஹெட்டின் பிற்கால ஆல்பங்களை எல்லாம் கேட்டுவிட்டு இப்போதுதான் முதல் ஆல்பமான ‘பாப்லோ ஹனி’க்கு வந்திருக்கிறேன். அதில் ‘க்ரீப்’ பாட்டைத் தவிர மற்றது தேறாது என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா? கிட்டாரில் ‘க்ரீப்’ வாசித்துப் பார்க்கிறேன். நான்கே கார்டுதான் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு), ஆனால் அந்தப் பாட்டு மாதிரியே இல்லை. கோரஸுக்கு (திரும்பத் திரும்ப வரும் பல்லவிக்கு) முன்னால் வரும் முரட்டுச் சத்தமும் வரவில்லை. எங்கே தப்பு?

– உங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் கிட்டார். ஜி, பி, சி, சி மைனர். ஒவ்வொன்றும் எட்டு பீட். பலரும் சறுக்குவது இரண்டாவது கார்டில். ஜி மேஜர் ஸ்கேலில் இயல்பாக வருவது பி மைனர் என்பதால் கை அங்கேதான் போகும். வேண்டியதோ பி மேஜர். ஏன் என்பது மெல்லிய பக்கத்திலிருந்து இரண்டாம் கம்பியில் இருக்கிறது. நான்கையும் பாரே கார்டாக (ஒரு விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே அழுத்தும் பிடியாக) பிடித்து அந்த ஒரு கம்பியை மட்டும் மீட்டுங்கள்: 3, 4, 5, 4ஆம் ஃப்ரெட், மறுபடி 3. அரை அரைச் சுரமாக ஏறி அப்படியே இறங்குகிறது. பாட்டின் ஏக்கம் முழுக்க இங்கேதான். பி மைனர் பிடித்தால் அந்தக் கம்பி 3லேயே நின்றுவிடும், ஏற்றமே இருக்காது. (ஹாலீஸ் குழு 1974இல் பிரபலமாக்கிய ‘தி ஏர் தட் ஐ ப்ரீத்’ பாட்டிலும் இதே கார்டு வரிசை உண்டு. அதை எழுதிய ஆல்பர்ட் ஹேமண்ட், மைக் ஹேசல்வுட் பெயர்கள் ‘க்ரீப்’ பாட்டிலும் சேர்ந்தது அதனால்தான்.)

அந்த முரட்டுச் சத்தத்துக்குச் சுரமே கிடையாது. இடது கையின் இரண்டு மூன்று விரல்களைக் கம்பிகள் மேல் தளர்வாகப் படுக்க வையுங்கள், அழுத்தாதீர்கள். ஒரே விரலால் மூடினால் 5, 7, 12ஆம் ஃப்ரெட் பக்கம் ஹார்மோனிக் (மணி போன்ற மெல்லிய ஒலி) கூவும். அடிப்பதற்கு முன்பே டிஸ்டார்ஷன் பெடலை (ஒலியைக் கரகரப்பாக்கும் மிதிகருவியை) மிதித்திருக்க வேண்டும். பிறகு எல்லாக் கம்பிகளும் சேர்ந்து அதிர ஓங்கி அடியுங்கள். பாட்டு இவ்வளவு அமைதியாகப் போவது பிடிக்காமல் குழுவின் கிட்டார் கலைஞர் ஜானி கிரீன்வுட் அடித்த அடி அது. தயங்கித் தயங்கி அடித்தால் வராது.

இனி ஆல்பம். ‘க்ரீப்’ 1992 செப்டம்பரில் சிங்கிளாக (தனிப்பாட்டு வெளியீடாக) வந்தபோது, மனத்தைச் சோர்வாக்கும் பாட்டு என்று பிபிசி ரேடியோ 1 பெரும்பாலும் ஒதுக்கிவிட்டது. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 78ஆம் இடம். இஸ்ரேல் வானொலியும், பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ வானொலியும் விடாமல் ஒலிபரப்பின. 1993 செப்டம்பரில் மறுபடி வெளியானபோது 7ஆம் இடம். நடுவில், அந்த ஆண்டு பிப்ரவரியில் வந்த ஆல்பம் பிரிட்டனில் 22ஐத் தொட்டது. அமெரிக்கக் கச்சேரிகளில் ‘க்ரீப்’ ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு. பன்னிரண்டு பாட்டில் ஒன்றைத் தவிர மற்றவற்றுக்குக் காது கொடுத்தவர்கள் அன்றும் குறைவு.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. ‘ஹவ் டூ யூ?’, ‘ஐ கான்ட்’ பாட்டுகள் எனக்கும் ஒட்டவில்லை. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் சிப்பிங் நார்ட்டன் ஸ்டூடியோவில் சுமார் மூன்றே வாரத்தில் பதிவான ஆல்பம் இது. குழுவின் மூன்று கிட்டாரும் ஒரே நேரத்தில், ஒரே சுர உயரத்தில் மோதிக்கொள்கின்றன. ‘க்ரீப்’ பாட்டின் முதல் வரிகளில் டிரம்ஸும் பேஸும் ஒரு தெளிந்த கிட்டாரும்தான். இடம் விட்டதால்தான் அந்த அடி விழுகிறது.

ஆனால் ‘யூ’ பாட்டை விட்டுவிடாதீர்கள். காலால் தட்டி எண்ணுங்கள்: ஆறு, ஆறு, ஆறு, ஐந்து. நான்காவது சுற்றில் ஒரு எண்ணிக்கை குறைவதால் ஒவ்வொரு முறையும் பாட்டு முன்னே தள்ளுகிறது. ஆறாகவே எண்ணினால் நான்காம் சுற்றிலேயே தவறிவிடுவீர்கள். கடைசிப் பாட்டான ‘ப்ளோ அவுட்’ போசா நோவா (பிரேசிலின் மென்மையான இசை வகை) சாயலில் மெல்லத் தொடங்கி இரைச்சலில் முடிகிறது. 1995இல் ‘தி பெண்ட்ஸ்’ ஆல்பத்தில் மூன்று கிட்டாரும் வேலையைப் பிரித்துக்கொண்டு வாசிப்பதற்கான முதல் தடம் இந்தப் பாட்டில் கேட்கிறது. ஹெட்போனில் கேளுங்கள், பாதியில் நிறுத்தாமல்.