உப்புக்காற்றில் நிற்கப் போகிற வண்டி

கேள்வி: தங்கச்சிமடத்தில் வசிக்கிறோம். வீட்டிலிருந்து கடல் முந்நூறு மீட்டர்கூட இருக்காது. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா. கருவாட்டு வியாபாரம். தினமும் பாம்பன், ராமேஸ்வரம் என்று சின்னச் சின்ன ஓட்டம். மாதம் ஒருமுறை அம்மாவின் சிகிச்சைக்கு மதுரை. மொத்தம் மாதம் 900 கிலோமீட்டர் வரும். எல்லாச் செலவும் சேர்த்து 18 லட்சம் போடலாம். ஹூண்டாய் கிரெட்டா டீசல், ஹோண்டா எலிவேட், மாருதி கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட், இந்த மூன்றில் எதை வாங்கலாம்? பிள்ளைகள் சன்ரூஃப் கேட்கிறார்கள். அவசரத்துக்கு நாலு மூட்டை கருவாட்டை டிக்கியில் ஏற்றலாமா?
- ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்:

உங்கள் ஓட்டத்துக்கு டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் போதும். முதலில் எலிவேட்டைப் பாருங்கள். அதில் ஆறு ஏர்பேக் உள்ள வேரியண்ட் உங்கள் பணத்துக்குள் அடங்காவிட்டால் கிரெட்டா பெட்ரோல். டீசலும் ஹைப்ரிட்டும் நல்ல வண்டிகள்தான், ஆனால் உங்கள் வீட்டு ஓட்டத்துக்குப் பொருந்தாது.

முதலில் பணக்கணக்கு. ஷோரூமில் பேசுகிற விலை எக்ஸ்-ஷோரூம் விலை. தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள்கால வரியே 18 சதவீதம். 14.5 லட்சம் ரூபாய் வண்டி என்றால் வரி மட்டும் 2 லட்சத்து 61 ஆயிரம். காப்பீடு சுமாராக 60 ஆயிரம் வைத்துக்கொள்ளுங்கள். 10 லட்சத்தைத் தாண்டிய வண்டிக்கு 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி முன்பணம்) பிடிப்பார்கள், அது இன்னொரு 14,500. ஆக, கிட்டத்தட்ட 18 லட்சம் வந்துவிட்டது. எனவே நீங்கள் தேட வேண்டியது எக்ஸ்-ஷோரூம் 14.5 லட்சத்துக்குள் உள்ள வண்டி. டிசிஎஸ் தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அதற்கான சான்றிதழை மறக்காமல் வாங்குங்கள். ஜிஎஸ்டி எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே அடக்கம். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள்.

இனி டீசல். பிஎஸ்-6 புகை மாசு விதிப்படி வரும் இப்போதைய டீசல் வண்டிகளின் புகைக்குழாய்ப் பாதையில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. கரித்துகளைப் பிடித்து வைத்து, நிறைந்ததும் ஏறக்குறைய 600 டிகிரி வெப்பத்தில் அது தானே எரித்துவிடும். அப்படி எரிய வண்டி நன்றாகச் சூடேறி, நிறுத்தாமல் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் சீரான வேகத்தில் ஓட வேண்டும். தங்கச்சிமடத்திலிருந்து ராமேஸ்வரம் பத்துக் கிலோமீட்டர்தான். எரியத் தொடங்கும்போதே நீங்கள் வண்டியை அணைத்துவிடுவீர்கள். இப்படிப் பாதியில் நிற்க நிற்க, எரிப்பதற்காகக் கூடுதலாகப் பாய்ச்சிய டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்து ஆயில் அளவு ஏறும், ஒரு நாள் எச்சரிக்கை விளக்கும் எரியும். மாதம் ஒருமுறை மதுரைப் பயணம் ஓரளவு கைகொடுக்கும், ஆனால் போதாது. வாரம் இரண்டு முறை ராமநாதபுரத்தைத் தாண்டி ஓடுகிறவருக்கு 250 நியூட்டன் மீட்டர் இழுவை உள்ள கிரெட்டா டீசலைத் தயங்காமல் சொல்லியிருப்போம்.

பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைப்ரிட்டின் மைலேஜ் நிஜமானதுதான். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 10,800 கிலோமீட்டர். சாதாரண பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 13, ஹைப்ரிட் 21 என்று கொண்டால் மிச்சமாவது சுமார் 316 லிட்டர். லிட்டர் 102 ரூபாய் என்றால் வருடத்துக்கு 32 ஆயிரம் ரூபாய். விலை வித்தியாசம் 3 லட்சம் என்றால் அதை எடுக்க ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகும். உங்கள் வரம்பையும் அது தாண்டும். போதாக்குறைக்கு, பேட்டரி பின்பக்கம் இருப்பதால் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டின் டிக்கி 265 லிட்டர்தான். எலிவேட்டில் 458, கிரெட்டாவில் 433. ஐந்து பேர் இரண்டு நாள் மதுரையில் தங்கும் பைகளை வைத்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் புரியும்.

எலிவேட்டை முன்னே வைப்பதற்குக் காரணம் அதன் 220 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி. கிரெட்டாவில் 190. தார்ச்சாலையில் இரண்டும் ஒன்றுதான். மழைக்காலத்தில் தெருவில் தேங்கும் தண்ணீரிலும், மணல் ஏறிய கடலோரப் பாதையிலும் அந்த 30 மி.மீ. பேசும். 121 பிஎஸ் (குதிரைத்திறன்) தரும் அதன் இன்ஜினில் டர்போ இல்லை, கெட்டுப்போகிற சாமான் குறைவு. ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். எலிவேட்டில் வேரியண்ட்டுக்கு வேரியண்ட் ஏர்பேக் எண்ணிக்கை வேறுபட்டு வந்திருக்கிறது. நீங்கள் பதிவு செய்யும் வேரியண்ட்டில் எத்தனை என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். ஆறுக்குக் குறைந்தால் வேண்டாம். கிரெட்டாவில் அடி வேரியண்ட்டிலிருந்தே ஆறு உண்டு. இரண்டாவது, சர்வீஸ். எந்த நிறுவனத்தின் பணிமனை ராமநாதபுரத்தில் இருக்கிறது, எதற்கு மதுரைக்குப் போக வேண்டும் என்று விசாரியுங்கள். ஒவ்வொரு சர்வீஸுக்கும் போய்வர 300 கிலோமீட்டருக்கு மேல் என்றால் 30 மி.மீ. உயரத்தால் வந்த லாபம் அதிலேயே போய்விடும். அப்போது கிரெட்டாவே மேல்.

இதையெல்லாம் முடிவு செய்வதற்கு முன் அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். அவர் சேலையோடு பின்கதவு வழியே ஏறி இறங்குவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். இருக்கை இடுப்பு உயரத்தில் இருந்தால் உட்கார்ந்து திரும்பினாலே போதும். அதற்கு மேலே போனால் முழங்காலை மடக்கி ஏற வேண்டியிருக்கும். இறங்கும்போது கதவுக்குக் கீழே உள்ள விளிம்பைத் தாண்டிக் கால் எட்டுகிறதா, சேலைக்கரை அந்த விளிம்பில் உரசி அழுக்காகிறதா என்று கவனியுங்கள். மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் முறை எல்லோருமே சமாளித்துவிடுவார்கள். மூன்றாவது முறை கை எதைப் பிடிக்கத் தேடுகிறது என்று பார்த்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

இப்போது உங்கள் ஊருக்கே உரிய சங்கதி, உப்பு. முந்நூறு மீட்டர் தூரத்தில் வண்டி நின்றால் இரவெல்லாம் அதன்மேல் உப்பு படிகிறது. உப்பு சும்மா கிடக்காது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பே காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிட வறண்ட காற்றிலேயே நீரை இழுக்கும். அதனால் மழையே பெய்யாவிட்டாலும் வண்டியின் அடிப்பாகம் நனைந்தபடியே இருக்கும். மேலே பெயிண்ட் பளபளக்கும். துரு கதவின் அடிமடிப்பிலும், சக்கர வளைவின் உள்ளேயும், சஸ்பென்ஷன் போல்ட்டிலும், பேட்டரி எர்த் வயர் முனையிலும்தான் தொடங்கும். ஏசி கண்டென்சர் முன்பக்கம் கிரில்லுக்குப் பின்னால் காற்றை வாங்கிக்கொண்டு நிற்பதால் அதன் அலுமினியத் தகடுகளும் அரித்து, கேஸ் கசியும். கடலோரத்தில் 'ஏசி குளிரவில்லை' என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

இதற்கு ஷோரூமில் விற்கும் டெஃப்லான், செராமிக் பூச்சு பயன்படாது, அவை பெயிண்டுக்கு மட்டும். உங்களுக்குத் தேவை அடிப்பாக ஆன்ட்டி-ரஸ்ட் பூச்சும், கதவு, கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டி போன்ற உள்கூடுகளில் அடிக்கும் மெழுகுப் பூச்சும். டெலிவரி எடுத்த முதல் மாதத்திலேயே செய்யுங்கள். நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவி, ஒரு பகல் முழுக்கக் காயவிட்டு, பிறகுதான் அடிக்க வேண்டும். ஈரத்தின் மீதும் உப்பின் மீதும் ரப்பர் பூச்சை அடித்தால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியது போல. வெளியே கறுப்பாக அழகாய் இருக்கும், உள்ளே தகடு பொடியும். சைலன்ஸர் குழாய், பிரேக் டிஸ்க், காலிப்பர், சென்சார்கள், டிரைவ் ஷாஃப்ட் ரப்பர், கதவுக்குக் கீழே உள்ள வடிகால் துளைகள் ஆகியவற்றை டேப் ஒட்டி மறைத்த பிறகே அடிக்கச் சொல்லி, பக்கத்தில் நில்லுங்கள். மெழுகு செலுத்தப் புதிதாகத் துளை போட விடாதீர்கள். தொழிற்சாலைத் துளைகளே போதும், புதுத் துளையால் வாரண்டிக்குச் சிக்கல் வரும்.

பிறகு கழுவுவது. உங்கள் வீட்டுப் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்றால் அதில் கழுவவே வேண்டாம். கண்ணாடியில் கொஞ்சம் ஊற்றிக் காயவிட்டுப் பாருங்கள். வெள்ளைத் திட்டு படிந்தால் வண்டிக்கும் அதுதான் கதி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரை ஹோஸில் விட்டு நான்கு சக்கர வளைவின் உட்புறத்தையும் அடிப்பாகத்தையும் பத்து நிமிடம் நனையுங்கள். அரிச்சல்முனைக்குப் போய் வந்தால் அன்று மாலையே. கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் கதவு வடிகால் துளைகளில் மணல் அடையும். பிளாஸ்டிக் கேபிள் டையால் குத்திவிடுங்கள். இரும்புக் கம்பி பெயிண்டைச் சுரண்டி, துருவுக்கு வழி திறக்கும். ஈரம் சொட்டும் வண்டிக்கு உறை போடாதீர்கள், காற்றோட்டமான கொட்டகையே போதும்.

கருவாட்டு மூட்டை வேண்டாம். மூட்டையிலிருந்து கசியும் உப்புநீர் டிக்கி விரிப்பைத் தாண்டி ஸ்டெப்னி கிடக்கும் குழிக்குள் இறங்கும். வெளியிலிருந்து உப்பு தின்ன பல வருடம் ஆகிற தகட்டை உள்ளேயிருந்து இது சீக்கிரமே தின்றுவிடும். அதைவிடப் பெரிய காரணம் காப்பீடு. தனியார் கார் பாலிசியில் வியாபாரச் சரக்கு ஏற்றுவதற்கு இடமில்லை, மாதிரிச் சரக்கும் சொந்தப் பயணப் பைகளும் மட்டும்தான். மூட்டையோடு விபத்தானால் கிளெய்மை மறுக்க அவர்களுக்கு அதுவே போதும். வீட்டுக்கு இரண்டு கிலோ கொண்டுபோவது வேறு, அதையும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.

சன்ரூஃப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள். அதன் நான்கு மூலையிலிருந்தும் மெல்லிய வடிகால் குழாய்கள் இறங்குகின்றன. மணல் அடைத்தால் மழைத் தண்ணீர் கூரை விரிப்பு வழியாக இருக்கையில் சொட்டும். சித்திரை வெயிலில் தலைக்கு மேல் கண்ணாடி இருப்பது ஏசிக்கும் பாரம். அந்த வேரியண்ட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் துருப் பூச்சு, நல்ல சன் ஃபிலிம், ஐந்து வருட நீட்டித்த வாரண்டி எல்லாம் வந்துவிடும். ஒளி ஊடுருவும் அளவு முன்பின் கண்ணாடியில் 70 சதவீதத்துக்கும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதத்துக்கும் குறையாத ஃபிலிம் மட்டுமே ஒட்டுங்கள்.

டயரில் 16 அங்குலமே உங்களுக்கு நல்லது. கிரெட்டாவின் 205/65 ஆர்16 டயரின் பக்கச்சுவர் 133 மி.மீ., குழியின் அடியை அது வாங்கிக்கொள்ளும். சீமைக்கருவேல முள் தரைப்பகுதியில் குத்தினால் ஐந்து நிமிடத்தில் ஒட்டிவிடலாம், பக்கச்சுவரில் ஏறினால் டயரையே மாற்ற வேண்டும். அதனால் கருவேலங்காட்டு ஓரத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது கவனம். ஸ்டெப்னி உண்டா, மற்ற நான்கின் அளவிலேயே உண்டா என்று டிக்கி விரிப்பைத் தூக்கிக் கண்ணால் பாருங்கள். மணலில் சிக்கிக்கொண்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், சக்கரம் இன்னும் புதையும். நான்கு டயரிலும் காற்றை 20 பிஎஸ்ஐ வரை இறக்கி, சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலை அணைத்து, இரண்டாவது கியரில் மெதுவாக வெளியே எடுங்கள். தார்ச்சாலை ஏறியதும் திரும்பக் காற்றடிக்க வேண்டும், அதற்கு ஒரு 12 வோல்ட் பம்ப் டிக்கியில் இருக்கட்டும்.

காப்பீட்டை டீலரிடமே எடுக்கக் கட்டாயமில்லை, வெளியிலும் விலை கேளுங்கள். பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப்ரிசியேஷனும், இன்ஜின் சேதத்துக்கான இன்ஜின் புரொடெக்ஷனும் அவசியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் ராடுதான் வளையும். இன்ஜின் புரொடெக்ஷன் இல்லாமல் இந்தச் செலவு கிடைப்பது அரிது.

கடைசியாக, நம்பர் பதிவாவதற்கு முன்பே யார்டில் போய் வண்டியைப் பாருங்கள். பதிவான பிறகு குறை சொன்னால் மாற்றித் தர மாட்டார்கள். ஐந்து டயரிலும் நான்கு இலக்க எண் இருக்கும். 3525 என்றால் 2025ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். ஐந்தும் அருகருகே இருக்க வேண்டும். சேசிஸ் எண்ணில் எழுத்தும் இலக்கமுமாக 17 இருக்கும், இன்வாய்ஸில் உள்ளதோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பிறகு பானெட்டைத் திறந்து பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கையில் டார்ச்சோடு குனிந்து அடிப்பாக போல்ட்டுகளையும் பாருங்கள். பிரேக் டிஸ்க்கில் மேலோட்டமாகத் தெரியும் காவி நிறம் நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். போல்ட் தலைகளில் துரு செதிளாக உரிந்தால் அந்த வண்டி கடலோர யார்டில் பல மாதம் நின்றது. வேறு வண்டி கேளுங்கள்.