புல் மட்டும் ஆடும் படங்கள்

கேள்வி: மேடம், நான் உயிரியல் இரண்டாம் ஆண்டு மாணவி. உயிரினங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் செடி, பூச்சிப் படங்களை ஏற்றுகிறேன். பொதுமக்கள் ஆய்வுகளுக்கு உதவும் ஜூனிவர்ஸ் தளத்தில் தானியங்கி கேமரா எடுத்த காட்டுப் படங்களைப் பார்த்து விலங்குகளை இனம் பிரிக்கிறேன். பாதிக்கு மேல் வெறும் புல்தான். “இது பொழுதுபோக்கு, ஆராய்ச்சி இல்லை” என்கிறார் அண்ணன். நான் செய்வதற்கு உண்மையிலேயே மதிப்பு உண்டா?

பதில்: உண்டு. அந்தப் புல்லிலிருந்தே தொடங்குகிறேன். தான்சானியாவின் செரெங்கெட்டியில் 225 கேமராக்கள் எடுத்த படங்களைப் பொதுமக்களிடம் கொடுத்துப் பிரிக்கும் வேலை 2012-ல் ஜூனிவர்ஸில் தொடங்கியது. அசைவையும் வெப்பத்தையும் உணர்ந்து படம் எடுப்பவை அந்தக் கேமராக்கள். வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடினாலும் எடுத்துவிடும். குவிந்த 12 லட்சம் படத் தொகுப்புகளில் விலங்கு இருந்தவை சுமார் 3.2 லட்சம்தான். மீதியை எல்லாம் உங்களைப் போன்றவர்கள் பார்த்து, “இங்கே எதுவும் இல்லை” என்று ஒதுக்கித் தந்தார்கள். ஒரே படம் பலருக்குக் காட்டப்பட்டது. பதில்கள் ஒத்துப்போனால் முடிவு உறுதி. சிதறினால் அது கடினமான படம் என்பதே ஒரு தகவல்.

பறவைப் பதிவுக்கான ஈபேர்ட் தளத்திலும் ‘இல்லை’ என்பது ஒரு தகவல்தான். பட்டியலை அனுப்பும்போது, “அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் குறித்தீர்களா?” என்று கேட்கும். “ஆம்” என்றால்தான் பட்டியலில் இல்லாத பறவை அன்று உங்கள் கண்ணில் படவில்லை என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ள முடியும். தினமும் பார்க்கிற பறவைதானே என்று ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள்.

ஐநேச்சுரலிஸ்டுக்கு வருகிறேன். அங்கே நல்ல பிள்ளைகளே செய்கிற ஒரு காரியம் எனக்குப் பெரிய வருத்தம். நீங்கள் ஏற்றிய படத்துக்கு யாரோ ஒருவர் இனப் பெயர் சொல்கிறார். அவருக்கு நன்றி சொல்வதாக நினைத்து ‘ஒத்துக்கொள்கிறேன்’ பட்டனை அழுத்திவிடுகிறீர்கள். இரண்டு பேர் ஒரே பெயரைச் சொல்லிவிட்டதால், தேதியும் இடமும் இருந்தால் அந்தப் பதிவு ‘ஆய்வுத் தரம்’ பெற்று, உலகப் பல்லுயிர்த் தரவுத்தளமான ஜிபிஃபுக்கே போகலாம். ஆனால் உண்மையில் ஆராய்ந்து பார்த்தவர் ஒருவர்தானே? எந்த அடையாளத்தை வைத்து அந்தப் பெயர் என்று உங்களால் சொல்ல முடிந்தால் மட்டும் அழுத்துங்கள். இல்லையென்றால், “எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்?” என்று கேளுங்கள். பாடப்புத்தகத்தில் கிடைக்காத பதில்கள் அப்படித்தான் கிடைக்கும். இனம் தெரியாதபோது, நெருங்கிய இனங்கள் அடங்கிய பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதும் நேர்மையான பதில்தான்.

அப்புறம், செடி என்றால் பூவை மட்டும் எடுத்து ஏற்றாதீர்கள். இலையின் அடிப்பக்கம், இலை தண்டோடு சேரும் இடம், காய் இருந்தால் காய் என்று எல்லாம் வேண்டும். தொட்டியில் வளர்த்த செடியை ‘வளர்க்கப்பட்டது’ என்று குறித்துவிடுங்கள்.

அண்ணனிடம் ஃபோல்டிட் பற்றிச் சொல்லுங்கள். புரதங்களின் வடிவத்தைக் கண்டுபிடிக்கும் இணையப் புதிர் விளையாட்டு அது. குரங்குகளில் எய்ட்ஸ் போன்ற நோயை உண்டாக்கும் வைரஸின் நொதி ஒன்றின் வடிவம் பத்தாண்டுக்கும் மேலாகப் பிடிபடாமல் இருந்தது. ஃபோல்டிட் ஆடியவர்கள் மூன்றே வாரத்தில் சரியான மாதிரியைத் தந்தார்கள். 2011-ல் அது ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது.

கேள்வி: ஒரு வண்டு நான் இதுவரை எங்கும் படிக்காத செடியைத் தின்பதைப் பார்த்தேன். விக்கிப்பீடியாவில் சேர்த்தேன், நீக்கிவிட்டார்கள். ஏன்?

பதில்: ஏற்கெனவே வெளியான ஆதாரம் உள்ளதைத்தான் அங்கே எழுதலாம், சொந்தக் கண்டுபிடிப்புக்கு இடமில்லை. அது நல்ல விதி. உங்கள் வண்டை ஐநேச்சுரலிஸ்டில் செடியின் பெயரோடு பதியுங்கள். படத்தை மட்டும், விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கும் விக்கிமீடியா காமன்ஸுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் ஐநேச்சுரலிஸ்ட் தானாக வைக்கும் உரிமம் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும். அதைக் காமன்ஸ் ஏற்காது. ஐநேச்சுரலிஸ்ட் கணக்கின் அமைப்புகளுக்கு (செட்டிங்ஸ்) போய், எடுத்தவர் பெயரைச் சொன்னால் யாரும் பயன்படுத்தலாம் என்கிற ‘சிசி பை’ உரிமத்துக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.