சாமி வரம் கொடுத்தாலும்...

கேள்வி: ஈரான்மீது தடை போட்டதும் அமெரிக்கா, போனும் லேப்டாப்பும் மட்டும் விற்கலாம் என்று தளர்த்தியதும் அமெரிக்கா. இது இரட்டை வேடம் இல்லையா?

பதில்: தாமதமாக வந்த புத்தி என்பேன். 2009 ஜூன் தேர்தலுக்குப் பிறகு தெஹ்ரான் தெருக்களில் நடந்த போராட்டத்தை உலகம் பார்த்ததே கைப்பேசி வீடியோக்களில்தான். அதை எடுத்து அனுப்புகிறவர்களுக்கும் நம் தடையே இடைஞ்சல் என்று வாஷிங்டனுக்கு அப்புறம்தான் உறைத்தது. 2010 மார்ச்சில் இமெயில், சாட் போன்ற இலவசச் சேவைகளை ஈரான், சூடான், கியூபாவுக்கு அனுமதித்தார்கள். காசு கொடுத்து வாங்கும் சமாசாரங்களுக்கு 2013 மே 30 வரை ஆனது. அன்றுதான் அமெரிக்க நிதித்துறை ஈரானுக்கான ‘பொது உரிமம் டி’யை வெளியிட்டது. அதாவது, நிறுவனங்கள் தனித்தனியே அனுமதி கேட்காமல் விற்கலாம் என்ற பொதுவான அனுமதி. ஈரானின் அடுத்த அதிபர் தேர்தலுக்குச் சரியாகப் பதினைந்து நாள் இருந்தது!

கேள்வி: உரிமம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா?

பதில்: நான் அப்போது துபாய் தேராவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தேன். ஈரானின் ஷிராஸ் நகரிலிருந்து ஒரு மாணவன் விடுமுறைக்கு விடுமுறை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவான். வாங்குவதற்கு இல்லை, அப்டேட் செய்வதற்கு. எங்கள் வைஃபையில் போட்டுவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பான். ஆன்டிவைரஸ் புதுப்பிக்க என் கார்டு. அவன் என் கையில் திர்ஹாமை எண்ணி வைப்பான். ஈரான் வங்கிக் கார்டு அப்போது வெளிநாட்டில் பெரும்பாலும் செல்லாதே.

அந்தக் கோடையில் உரிமத்தை அச்செடுத்து மடித்துக் கொண்டுவந்தான். போன், சிம் கார்டு, லேப்டாப், ரௌட்டர், ஆன்டிவைரஸ், முடக்கிய தளங்களைத் திறக்க உதவும் வி.பி.என். என்று பின்னால் இருந்த பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பேனாவால் டிக் அடித்திருந்தான். சப்ளையருக்குப் போன் போட்டேன். "பேப்பர் சரிதான், ஆனா ஈரான் அட்ரஸுக்கு பில் போட மாட்டோம்" என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை. பூசாரியையும் குறை சொல்ல முடியாது. தவறினால் அபராதம் கோடிக்கணக்கான டாலரில் வரும். ஒரு மாணவன் வாங்கும் ஆன்டிவைரஸில் என்ன லாபம் வந்துவிடப் போகிறது? மறுபடியும் என் கார்டுதான்.

பெரிய இடங்களிலும் இதே கதை. புரோகிராமர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் அமெரிக்கத் தளமான கிட்ஹப் 2019-இல் ஈரான் புரோகிராமர்களின் கணக்குகளை முடக்கியது. தனி உரிமம் வாங்கி முழுசாகத் திறந்துவிட 2021 ஜனவரி ஆயிற்று.

கேள்வி: 2022-இல் மறுபடியும் ஏன் மாற்றினார்கள்?

பதில்: ஹிஜாப் சரியாக அணியவில்லை என்று ஈரான் போலீஸ் பிடித்துப்போன மஹ்சா அமினி என்ற இளம்பெண்ணின் மரணத்துக்குப் பிறகு போராட்டம் வெடித்தது. ஈரான் அரசு இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது. அதாவது வெளியே அமெரிக்கா போட்ட பூட்டு, உள்ளே சொந்த அரசு போட்ட பூட்டு. வெளிப்பூட்டைக் கொஞ்சம் தளர்த்தத்தான் செப்டம்பர் 23-இல் அந்த உரிமத்தின் புது வடிவமான ‘டி-2’ வந்தது. கிளவுட், வீடியோ கால் எல்லாம் அதில் சேர்ந்தன.

எனக்குப் பிடித்த மாற்றம் வேறு. பழைய உரிமத்தில் ‘தனிப்பட்ட’ தகவல் தொடர்பு என்று ஒரு சொல் இருந்தது. ஒருவர் பேசுவது வீட்டுக் கதையா, வியாபாரமா என்று நிறுவனம் எப்படிக் கண்டுபிடிக்கும்? வம்பு வேண்டாம் என்று கதவையே சாத்திவிடுவார்கள். டி-2 அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டது.