ஆறு ஏசி, நான்கு ஆசை: எதை வாங்குவது?

கேள்வி: திருவொற்றியூரில், கடலுக்குப் பக்கத்தில், மேல்மாடியில் சொந்த வீடு. படுக்கையறைக்கு ஒன்றரை டன் ஏசி வாங்க வேண்டும். எல்லாச் செலவும் சேர்த்து 45,000 ரூபாய்க்கு மேல் முடியாது. விலை குறைவாக இருக்க வேண்டும், கரண்ட் பில் ஏறக்கூடாது, சின்னச் சத்தத்துக்கும் குழந்தை விழித்துக்கொள்வாள், பழுதானால் உடனே ஆள் வர வேண்டும். ஆறு மாடல்களை எழுதி, விலைக்கு 40, கரண்டுக்கு 30, சத்தத்துக்கு 20, சர்வீசுக்கு 10 என்று மார்க் போட்டேன். ஒன்று ஜெயித்தது. கணவர் கரண்டுக்கு 40 போட்டார், வேறொன்று ஜெயித்தது. பட்டியலிலிருந்து ஒரு மாடலை எடுத்தால் மறுபடி மாறுகிறது. எந்தக் கணக்கை நம்புவது? பட்டியலையும், கோடை மாதங்களின் மின் பில்லையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: கூட்டலில் தப்பில்லை அம்மா. மார்க் போட ஆரம்பித்த இடத்தில்தான் சிக்கல். "கூடவே கூடாது" என்பதையும் "இருந்தால் நல்லது" என்பதையும் ஒரே தராசில் வைத்துவிட்டீர்கள். இரண்டையும் முதலில் பிரிப்போம்.

45,000 என்பது எல்லை. ஸ்டாண்டு, கூடுதல் காப்பர் பைப், ஸ்டெபிலைசர், மாட்டும் கூலி என்று 4,000 ஒதுக்கினால் மெஷினுக்கு 41,000. 43,500 ரூபாய் மாடல் இங்கேயே போகிறது. உப்புக் காற்றில் காப்பர் காயில் இல்லாததை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். அதனால் 38,000 ரூபாய் மாடலும் போகிறது. 32,000 ரூபாய் மாடலுக்கு வடசென்னையில் சர்வீஸ் சென்டர் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதையும் அடித்துவிடுங்கள்.

மீதி மூன்று. முதலாவது 33,500 ரூபாய், நட்சத்திர லேபிளில் ஆண்டுக்கு 960 யூனிட், சத்தம் 32 டெசிபல். இரண்டாவது 36,000 ரூபாய், 980 யூனிட், 34 டெசிபல். மூன்றாவது 40,500 ரூபாய், 730 யூனிட், 31 டெசிபல். இரண்டாவதைப் பாருங்கள். முதலாவதைவிட விலை அதிகம், கரண்ட் அதிகம், சத்தமும் அதிகம். யார் எப்படி மார்க் போட்டாலும் அது முதலாவதை ஜெயிக்க முடியாது. இப்படி எல்லாவற்றிலும் தோற்றவற்றைக் கழித்த பிறகு நிற்பவற்றை, இத்தாலியப் பொருளியலாளர் வில்பிரெடோ பரேட்டோவின் (1848–1923) பெயரால் 'பரேட்டோ எல்லை' என்பார்கள். கடைக்காரர் அந்த இரண்டாவதைத்தான் ஆப் வசதியைக் காட்டித் தள்ளப் பார்த்தார் என்றீர்கள். உங்கள் ஆசைப் பட்டியலில் ஆப் இல்லவே இல்லையே!

இப்போது உங்கள் மார்க் ஏன் ஆடியது என்று புரியும். பட்டியலிலேயே நல்லதற்கு முழு மார்க், மோசமானதற்குப் பூஜ்யம் என்று போட்டிருக்கிறீர்கள். 34 டெசிபல் மாடல் பட்டியலில் இருந்தால் 32-க்கும் 31-க்கும் கொஞ்சம்தான் வித்தியாசம். அதை எடுத்ததும் ஒரே ஒரு டெசிபலுக்கு முழு 20 மார்க் போய்விடுகிறது. சத்தம் எவ்வளவு முக்கியம் என்று மட்டும் கேட்டால் போதாது. கையில் இருக்கும் மாடல்களுக்குள் சத்தம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதையும் பார்த்துத்தான் மார்க் வைக்க வேண்டும். இங்கே வேறுபாடு ஏறக்குறைய இல்லை, அதனால் அந்த வரியையே அடித்துவிடலாம். 1772-இல் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின், தன் நண்பரான வேதியியலாளர் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் இதே வழியைத்தான் சொன்னார்: இரண்டு பக்கமும் எழுதிக்கொள், எடை சமமாக இருப்பதை அடித்துக்கொண்டே வா. முதலாவது, மூன்றாவது இரண்டுக்கும் உங்கள் பகுதியில் சர்வீஸ் இருப்பதால் அந்த வரியும் போகிறது.

ஆக, நான்கு ஆசைகளில் மிஞ்சுவது ஒரே கேள்வி. இன்று 7,000 ரூபாய் கூடக் கொடுத்தால் கரண்டில் எவ்வளவு திரும்பும்?

லேபிள் யூனிட் ஆண்டுக்கு 1,600 மணி நேரக் கணக்கு. நீங்கள் இரவு 8 மணி நேரம் போட்டால் இரண்டு மாதத்துக்கு 480 மணி. முதலாவது 288 யூனிட், மூன்றாவது 219. உங்கள் வீட்டில் ஏசி இல்லாமல் 270 யூனிட் ஓடுகிறது. மொத்தம் 558 அல்லது 489. நம் ஊர்க் கட்டணத்தில் 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கான சலுகையும் போய்விடும். 2022 செப்டம்பரில் இருந்த கட்டணப்படி 489 யூனிட்டுக்கு 1,659 ரூபாய், 558 யூனிட்டுக்கு 2,414 ரூபாய். ஒரு பில்லில் 755 ரூபாய் வித்தியாசம்! கோடையில் இரண்டு பில், மற்ற மாதங்களில் ஒரு முப்பது இரவு என்று வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 1,650. நாலேகால் வருடத்தில் 7,000 திரும்பிவிடும்.

சரி, 489 என்பது 500-க்கு ரொம்பப் பக்கம். ரீடிங் எடுக்க நான்கு நாள் தாமதமானாலே தாண்டிவிடும். அப்படி இரண்டு மாடலுமே தாண்டினாலும் பில்லுக்குச் சுமார் 550 மிச்சம், ஆறு வருடத்துக்குள் போட்டது வந்துவிடும். சொந்த வீடு, எப்படியும் அதற்கு மேல் ஓட்டுவீர்கள். மூன்றாவதையே வாங்குங்கள். இதுவே வாடகை வீடாக இருந்து, மூன்று வருடத்தில் மாறப்போகிறவர் கேட்டிருந்தால் தயங்காமல் முதலாவதைச் சொல்லியிருப்பேன்.

பட்ஜெட்டைக் கொஞ்சம் தளர்த்தலாமா என்று கணவர் கேட்டாராம். அந்த 43,500 ரூபாய் மாடலின் லேபிளில் 710 யூனிட். கூடுதல் 3,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 20 யூனிட்தான் குறைகிறது. தளர்த்த வேண்டாம்.

அப்புறம், கடையில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். அந்த அளவுகோலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையாக்குகிறார்கள். பழைய ஸ்டாக்கின் ஐந்து நட்சத்திரம் புதியதில் நான்காகிவிடலாம். லேபிளில் யூனிட் எண்ணையும் லேபிள் செல்லுபடியாகும் காலத்தையும் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.