கிலோமீட்டருக்கு 3 ரூபாய், வண்டி அப்பா பெயரில்: ஃபீல்டு வேலைக்குச் சொந்த பைக் சரிவருமா?

கேள்வி இதுதான்: மன்னார்குடியில் விதை, பூச்சிமருந்து கம்பெனி ஒன்றில் ஃபீல்டு வேலை கிடைத்திருக்கிறது. வண்டி நம்முடையது, கிலோமீட்டருக்கு 3 ரூபாய் தருவார்களாம். கட்டுபடியாகுமா? வேலை நேரத்தில் அடிபட்டால் இன்சூரன்ஸ் வருமா? வண்டி அப்பா பெயரில் இருக்கிறது.

பதினோரு வருடமாக இதே வேலையில் இருப்பவன் சொல்கிறேன். பெட்ரோல் கணக்கை அப்புறம் பார்க்கலாம் தம்பி, முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து யார் பெயர் என்று பாருங்கள். வண்டி அப்பா பெயரில் என்று கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு விஷயமே அங்கேதான் இருக்கிறது.

நான்கு வருடத்துக்கு முன்னால், சம்பா அறுவடை நேரம். வடுவூர் தாண்டி ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டு, ஓரத்தில் கருங்கல் வைத்திருந்தார்கள். எதிரே பஸ் வந்ததால் நெல்லில் ஏற்றினேன். ஈர நெல்லைவிடக் காய்ந்த நெல்தான் மோசம், டயருக்கு அடியில் குண்டு குண்டாக உருளும். மணிக்கட்டு முறிந்தது, வண்டியின் முன்பக்கம் போய்விட்டது. முதலில் என்னைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் நெல்லைக் கூட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் திருப்பி அனுப்புகிறார்கள், களம் இல்லாத ஊரில் வேறு எங்கே காயவைப்பது?

வண்டியின் இன்சூரன்ஸ் பாலிசியில் 'உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்து, 15 லட்சம்' என்று போட்டிருந்தது. அதை நம்பித்தான் அத்தனை நாள் ஓட்டினேன். ஏஜென்ட் அண்ணன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, அது அப்பாவுக்கு. அவரே ஓட்டி, அவர்கிட்ட லைசென்ஸும் இருந்தாத்தான்." வண்டி அப்போது அப்பா பெயரில். அன்றைக்கு நான் செத்திருந்தாலும் அந்தப் பணம் வீட்டுக்கு வந்திருக்காது. உரிமையாளரே ஓட்டினாலும்கூட மரணம், கை கால் கண் இழப்பு, நிரந்தர முழு ஊனம் இவற்றுக்குத்தான் அது. எலும்பு முறிவுக்கோ ஆஸ்பத்திரி பில்லுக்கோ ஒரு பைசா கிடையாது. வண்டியைக் கேட்டு வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்துக்கு வந்துவிடுகிறார், அதே வண்டியின் இன்சூரன்ஸில் மூன்றாம் நபர், அதாவது அந்த வண்டியால் அடிபட்ட வெளியாள், என்று இழப்பீடு கேட்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

அதனால் வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக்கொடுக்க வேண்டும். அப்பாவின் நோ-க்ளைம் போனஸ், அதாவது க்ளைம் கேட்காத வருடங்களுக்காக பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, உங்களுக்கு வராது, அது வண்டியோடு போவதில்லை. அந்த விபத்தில் வண்டிச் சேதத்துக்குப் பணம் வந்தது. ஆனால் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிதான். இன்றைய பைக்கில் முன்பக்கம் முழுக்க பிளாஸ்டிக்தானே.

சேதத்தைப் பார்க்க வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்ட ஒரு கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "பெட்டியில என்ன வச்சிருந்தீங்க?" சாம்பிள் பாக்கெட்டும் நோட்டீஸும்தான் இருந்தன. சொந்த வண்டி பாலிசியில் 'எதற்குப் பயன்படுத்தலாம்' என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். வாடகைக்கு ஓட்டக்கூடாது, சரக்கு ஏற்றக்கூடாது. சாம்பிளும் சொந்த லக்கேஜும் மட்டும் கொண்டுபோகலாம். வேலை விஷயமாக டீலரைப் பார்க்கப் போவது தப்பில்லை. "போற வழிதானே, ரெண்டு பெட்டி மருந்தை டீலர்கிட்ட இறக்கிடுப்பா" என்று மேனேஜர் சொல்வார் பாருங்கள், வில்லங்கம் அதில்தான். நான் 'பார்சல் சர்வீஸில் போடுங்க சார்' என்று சொல்லப் பழகிவிட்டேன்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு எங்கே போவது? சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று பாருங்கள். வேலையில் அடிபட்டால் சிகிச்சையும், வேலைக்குப் போக முடியாத நாளுக்குச் சம்பளத்தில் 90 சதவீதமும் கிடைக்கும். அதற்கு மேல் சம்பளம் என்றால் குரூப் விபத்து பாலிசி உண்டா என்று சேரும் அன்றே எழுத்தில் கேளுங்கள். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும்.

இப்போது அந்த 3 ரூபாய். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் என் வண்டிக் கணக்கு: பெட்ரோல் லிட்டர் 101, 45 கிலோமீட்டர் கொடுக்கிறது, அப்படியானால் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 2.25. ஆயிலும் சர்வீஸும் 30 பைசா. டயர், செயின், பிரேக் 30 பைசா. இன்சூரன்ஸ் 11 பைசா. ஐந்து வருடத்தில் 90,000 கிலோமீட்டர் ஓட்டி வண்டியை விற்கும்போது 70,000 ரூபாய் மதிப்பு போயிருக்கும், அது 78 பைசா. மொத்தம் 3 ரூபாய் 74 பைசா. ஆக மாதம் 1,110 ரூபாய் உங்கள் பையிலிருந்து கம்பெனிக்குப் போகிறது. பெட்ரோலை மட்டும் பார்க்கிறவனுக்கு 75 பைசா லாபம் மாதிரி தெரியும். வண்டியை விற்கப் போகும் அன்றைக்குத்தான் உறைக்கும்.

தூரத்தை எதை வைத்துப் போடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். எங்கள் ஆபீசில் மேப்பில் காட்டும் தூரம்தான் கணக்கு. பாமணியாறு, கோரையாற்றுக் கரையில் மதகு மேலே போகிற ஒற்றையடி வழியைக்கூட மேப் ரோடு என்று காட்டும். ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கரையில் வண்டி இறங்கினால் சேறு மட்கார்டில் அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது. பாலத்துக்குச் சுற்றித்தான் போக வேண்டும், அந்த எட்டு கிலோமீட்டரை யார் தருவது? மூன்று மாதம் மெயில் போட்டேன். ஒரு மழை நாளில் மேனேஜரே என் பின்னால் உட்கார்ந்து வந்தார், மேப் காட்டிய வழியிலேயே கூட்டிப்போனேன். பாதி தூரம் இறங்கித் தள்ளினார். அடுத்த மாதம் முதல் காலையிலும் மாலையிலும் ஓடோமீட்டர் போட்டோ அனுப்பினால் போதும் என்று மெயில் வந்தது. ரேட் மட்டும் இன்னும் ஏறவில்லை.